நம்பகக் குழுவின் முன் ஒரு மண்நிறப் பிக்கப்

எங்கள் பள்ளி மாவட்டம் வடக்குத் தடத்துப் பேருந்தை நிறுத்தியதும், பிள்ளைகள் ஓட்டிவரும் வண்டிகளைச் சோதிக்க ஒரு குழுவை அமைத்ததும் ஒரே கூட்டத்தில் நடந்தன. முன்னது சிக்கனம், பின்னது அக்கறை என்று கண்காணிப்பாளர் டாக்டர் கெட்லர் விளக்கினார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மேற்கு கான்சாஸில் மாலை நேரத்தில் போய் உட்கார வேறு இடம் அதிகம் இல்லை. தவிர, மாவட்டக் கூட்டங்களில் லவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோல் கொடுப்பார்கள்.

கெட்லர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல. பள்ளி நடைகூடத்தில் மாணவர்கள் எந்தப் பக்கமாக நடந்தால் நெரிசல் குறையும் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். போன குளிர்காலத்தில் ஒரு பையனின், பின்பக்கம் திறந்த பழைய பிக்கப் வண்டி பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றுபோனது. அதற்குப் பின்னால் கெட்லரின் கார். தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்.

"அன்னிக்குத்தான் நம்ம பிள்ளைங்க உயிருக்கு இங்க ஒரு பாதுகாப்பும் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது. நாங்க போறதுக்குள்ள சூப் ஆறிப்போச்சு" என்றார் கூட்டத்தில். சிலர் கைதட்டினார்கள்.

இப்படித்தான் மாணவர் வாகன நம்பகக் குழு பிறந்தது. உறுப்பினர் மூன்று பேர். கெட்லர் தலைவர். கால்பந்துப் பயிற்சியாளர் பிராஷர், விளையாட்டின் சார்பில். இன்சூரன்ஸ் விற்கும் திருமதி வோகல், பொதுமக்களின் சார்பில். குழு ஒப்புக்கொள்ளாத வண்டியை ஓட்டிவரும் மாணவர் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை என்று கணக்கு. வருகை குறைந்தால் அந்தப் பருவம் முழுவதும் போய்விடும்.

பேருந்து நின்றதில் அதிகம் அடிபட்டது கார்வின் லைக்கர் குடும்பம். பள்ளியிலிருந்து இருபத்தாறு மைல் வடக்கே அவர்களுடைய பண்ணை. கார்வினுக்கு மாடுகளும் சோளமும்; மனைவி ட்வைலாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பதினாறு வயது மகள் ஷெல்பி, கால் பெடலுக்கு எட்டிய நாளிலிருந்து வயலில் வண்டி ஓட்டுகிறவள். பள்ளியின் வெல்டிங் பட்டறையில் இருந்த ஒரே பெண்ணும் அவள்தான். எதையும் முகத்துக்கு நேரே பேசுவாள். அவளுக்கு ஒரு நல்ல பழைய பிக்கப் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கார்வின் நினைத்தார். நியாயமான நினைப்புதான்.

முதலில் நகரத்தில் ஒரு வியாபாரியிடம் போனார்கள். விற்பனையாள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளை வண்டியின் புகழைப் பாடினான். ஷெல்பி அதன் இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்ஜின் சூடா இருக்கே. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டீங்களா?"

"வெயில்ல நிக்குது இல்ல."

"காலைலேர்ந்து மேகமாத்தானே இருக்கு."

குளிர்ந்த இன்ஜின் கிளம்பத் திணறுவதை மறைக்கிறான் என்று புரிந்ததும் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

இரண்டாவது வண்டியில் கார்வினே மயங்கிப்போனார். தூக்கிக் கட்டிய உடம்பு, அகலமான டயர், சாவியைத் திருப்பினால் நெஞ்சுக்கூட்டில் உறுமும் இன்ஜின். ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. ஷெல்பி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வண்டி எனக்கா, உனக்கா?"

"உனக்குத்தான். சும்மா உக்காந்து பாக்கறேன்."

"அப்படின்னா இறங்கி வா. அடிச்சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ட் புதுசா அடிச்சிருக்காங்க. சாவியால சுரண்டினேன், துரு செதில் செதிலா உதிருது. இவ்வளவு உயரம் தூக்கின வண்டி, பனியில வளைவுல திரும்பினா கவுந்துடும். இன்ஜினும் எனக்கு வேணாங்கற அளவுக்குப் பெருசு."

கார்வின் இறங்கினார். வீடு வந்து சேரும்வரை அவருடைய முகம் சரியாக இல்லை என்று ஷெல்பி பிறகு என்னிடம் சொன்னாள்.

மூன்றாவது வண்டி ஓலீட்டா என்ற தேனீ வளர்க்கும் அம்மாளுடையது. கூடுகளைச் சூரியகாந்தி வயல்களுக்குக் கொண்டுபோய் இறக்கி ஏற்றியே காலம் தள்ளிய மண்நிறப் பிக்கப். பதினெட்டு வயது. அவசரமாக எதையும் செய்யாத ஆறு சிலிண்டர் இன்ஜின். ஏர்பேக் இருந்தது, நான்கு சக்கர இழுவை இருந்தது, பனியில் வழுக்கினால் தானே சமாளிக்கும் ஏற்பாடும் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் அதைப் பார்ப்பது அபூர்வம். உள்ளே மெழுகு வாசனை. இடது கதவுக்கு அடியில் கொஞ்சம் துரு, சட்டம் சுத்தம். இவர்கள் வந்துசேரும்வரை ஓலீட்டா இன்ஜினைத் தொடவே இல்லை. விறைத்துக் கிடந்த வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

ஷெல்பி ஓட்டிப் பார்க்கும்வரை ஓலீட்டா விலை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் கேட்டாள். "எப்படி இருக்கு?"

"சலிப்பா இருக்கு" என்றாள் ஷெல்பி.

"அப்ப எடுத்துக்கோ. சலிப்பு தட்டாத வண்டியெல்லாம் பள்ளத்துலதான் கெடக்கு."

அன்றிரவு கார்வின் நன்றாகத் தூங்கினார். அதன்பிறகு வெகுநாளைக்கு அந்தத் தூக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

வண்டியோடு நேரில் வரவேண்டும் என்று குழு சொல்லியிருந்ததால், கார்வின் பிக்கப்பைக் கழுவித் துடைத்துப் பள்ளிக்கு ஓட்டிவந்தார். குழு மாடியில் நூலகத்தில் கூடியது. வெளியே வடகாற்று சீறிக்கொண்டிருந்ததால் உறுப்பினர்கள் கீழே இறங்கவில்லை. வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பிராஷர் ஆட்டம் பார்க்கும் தொலைநோக்கியைக் கொண்டுவந்திருந்தார்.

"என் கண்ணுக்கு மண் நிறமாத் தெரியுது" என்றார் வெகுநேரம் பார்த்துவிட்டு.

"மண் நிறந்தாங்க" என்றார் கார்வின்.

"அப்ப நல்லது. வண்டிக்காரர் சொல்றதும் நாம பாக்கறதும் பொருந்துது."

"கீழ வந்தா அடிப்பக்கத்தையும் காட்டுவேன். சட்டம் சுத்தமா இருக்கு."

திருமதி வோகல் அவரைப் பரிவோடு பார்த்தாள். "மிஸ்டர் லைக்கர், நாங்க அடியில பாத்தோம்னா, அடியில இருந்ததுக்கெல்லாம் நாங்களே பொறுப்புன்னு ஆயிடும். ஜன்னல்லேர்ந்து பாக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

பிறகு வண்டியின் வயதைக் கேட்டார்கள். கார்வின் சொன்னார். கெட்லர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணுக்குப் பதினாறு. வண்டி ரெண்டு வயசு மூத்தது."

"ஆமாங்க."

"வீட்டுல பெரியவங்க சொல்றதைத்தான் சின்னவங்க கேப்பாங்க. வண்டி மூத்ததா இருந்தா, யார் யாரை ஓட்டறாங்கங்கற கேள்வி வருது."

"வண்டி எதையும் சொல்லாதுங்க."

"இதுவரைக்கும் சொல்லல" என்றார் கெட்லர்.

கார்வினுக்கு உட்கார்ந்திருக்கும்போது வலது முழங்கால் துள்ளும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பின்வரிசையிலிருந்த எனக்கே மேஜை அதிர்வது தெரிந்தது.

வயது மூத்த வண்டிகளுக்கு ஒரு சலுகை உண்டு என்று கெட்லர் பெருந்தன்மையோடு அறிவித்தார். ஒரு வாரம் தினமும் குழுவின் கண்ணெதிரே ஸ்டார்ட் ஆகிக் காட்டவேண்டும். ஆனால் அனுமதி இல்லாத வண்டி பள்ளி வளாகத்தில் நிற்கக் கூடாது. எனவே எதிர்ப்புறம் தானியக் கிடங்கின் வாசலில் நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுவதும் கார்வின் விடியுமுன்பே மாடுகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு, ஷெல்பியையும், அரை மைல் தள்ளி இருக்கும் ஹெர்மன் வீட்டுப் பெண் டோரியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். டோரியும் வடக்குத் தடத்துப் பிள்ளைதான். சின்ன வயதிலிருந்தே ஷெல்பியோடு ஒட்டிக்கொண்டு திரிபவள். இருவரும் வகுப்புக்குப் போன பிறகு கார்வின் கிடங்கு வாசலில் காத்திருப்பார். முற்பகலில் உறுப்பினர்கள் காபிக் கோப்பைகளோடு சாலையைக் கடந்து வருவார்கள். கார்வின் சாவியைத் திருப்புவார். வண்டி கிளம்பும். அவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பண்ணையில் சோளம் அறுக்காமல் நின்றுகொண்டிருந்தது. மழை வரும் என்று ரேடியோ தினமும் சொன்னது.

மூன்றாம் நாள் ஷெல்பி வகுப்பிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். "டாக்டர் கெட்லர், ஒண்ணு சொல்லலாமா? இருபத்தாறு மைல் ஓட்டிட்டு வந்த வண்டி இது. இன்ஜின் சூடா இருக்கு. இப்ப ஸ்டார்ட் ஆனா அதுல என்ன தெரியப்போவுது? ராத்திரி முழுக்க வெளியில நின்ன வண்டியை விடியக்காலைல வந்து பாக்கணும்."

"விடியக்காலைலயா?" என்றாள் திருமதி வோகல். அந்த வார்த்தையை அவள் முதல்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது.

"மாணவி கொஞ்சம் எதிர்மறையா யோசிக்கறா" என்று கெட்லர் கார்வினிடம் தணிந்த குரலில் சொன்னார். "வீட்டுல கவனிங்க."

வாரம் முடிந்தது. வண்டி ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. கூட்டத்தில் கார்வின் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ட்வைலா கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டிகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கவலைப்பட்டார்கள்.

"நான் ரொம்ப வருஷமா இன்சூரன்ஸ் விக்கறேன்" என்றாள் திருமதி வோகல். "ஒரு வண்டி எப்படிக் கெட்டுப்போகும்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு தொகை போட்டுடலாம். கெட்டே போகாத வண்டிக்கு என்னத்தைப் போடறது? எங்க ஆபீஸ்ல அந்த மாதிரி வண்டிங்களைப் பாத்தாத்தான் பயம்."

பிராஷர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அடியே படாதவன்னு ஒரு பையன் வந்தா நான் அவனை ஆட்டத்துல இறக்க மாட்டேன். விழட்டும், எப்படி விழறான்னு பாக்கறேன், அப்புறம் பேசலாம்."

கெட்லர் இரண்டையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொன்னார். வண்டி ஒருமுறை கிளம்பாமல் நின்று காட்டவேண்டும். முறையாக, பாதுகாப்பாக, குழுவின் முன்னிலையில்.

கார்வின் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் என் ரோலைப் பார்த்தேன்.

மறுநாள் கிடங்கு வாசலில் கார்வின் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. உறுப்பினர்களின் முகத்தில் அன்றுதான் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது. பிராஷர் கைதட்டினார். கெட்லர் வந்து கார்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மூவரும் மாடிக்குப் போய் ஒருமனதாக விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். குழுவின் கண்ணெதிரேயே ஸ்டார்ட் ஆகாத வண்டியில் ஒரு பிள்ளையை எப்படி ஏற்றி அனுப்புவது என்று கெட்லர் கேட்டார்.

"நீங்க சொல்லித்தானே கழட்டினேன்" என்றார் கார்வின்.

"சொன்னது நாங்கதான். ஆனா நின்னது வண்டி இல்லையா?"

அதற்குப் பிறகு மழை வந்தது. பாதிச் சோளம் சாய்ந்தது. கார்வின் தினமும் இரண்டு பெண்களையும் கொண்டுபோய் விட்டுக்கொண்டும் கூட்டிவந்துகொண்டும் இருந்தார். ஒரு பசு கன்று போடச் சிரமப்பட்டு அவர் தாமதமான நாட்களில் பெண்களுக்கு வருகை விழவில்லை. இன்னும் சில நாள் தவறினால் பருவம் போய்விடும் என்று பள்ளியிலிருந்து எச்சரிக்கை வந்தது. கையெழுத்து கெட்லருடையது. ட்வைலா வேலையிலிருந்து வந்து தூங்கப் போகிற நேரத்தில் கார்வின் சமையலறையில் நடந்துகொண்டே இருப்பார்.

"உக்காரேன் கார்வின். தரை தேயுது."

"உக்காந்தா முட்டி ஆடுது ட்வைலா. நடந்தாத்தான் சும்மா இருக்கு."

அடுத்த கூட்டத்தில் ஷெல்பியே எழுந்தாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்றீங்கன்னு வச்சுக்கறேன். ஆனா கேக்க வேண்டிய கேள்வியை யாரும் கேக்கல. டயர் எத்தனை வருஷப் பழசுன்னு கேளுங்க. அடிச்சட்டத்துல துரு இருக்கான்னு படுத்துப் பாருங்க. விறைச்சுக் கெடக்கற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. வேகமாப் போறப்ப பிரேக் அடிச்சா வண்டி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாருங்க. இதெல்லாம் என் வண்டிக்குப் பாத்துட்டேன். இல்லேன்னா எங்கப்பாவை இவ்வளவு தூரம் அலைய விட்டிருக்க மாட்டேன்."

ஜெயித்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். கெட்லர் மெதுவாக எழுந்து நின்றார். அவர் கண்கள் பளபளத்தன.

"இந்தக் குழுவுக்கு ஒரு இளம் குரல் இல்லையேன்னு நான் பல நாளா ஏங்கியிருக்கேன். இதோ கிடைச்சிடுச்சு."

ஷெல்பியை மாணவர் பிரதிநிதியாக நான்காவது உறுப்பினராக்கினார்கள். அவளுடைய வண்டி விஷயம் என்ன என்று கார்வின் கேட்டதற்கு, அது முடிந்த விஷயம் என்றார்கள். உறுப்பினர்களின் வண்டிகள் சோதனைக்கு வருவதில்லை. கட்டடத்தை ஒட்டிய வரிசையில் அவர்களுக்குத் தனி இடம். பிராஷரின் வண்டி சொட்டிய எண்ணெய் அங்கே ஒரு குட்டையாகவே தேங்கியிருந்தது. "குழு உறுப்பினர் வண்டியையே குழு சந்தேகப்பட்டா, அப்புறம் குழுவை யார் நம்புவாங்க?" என்று திருமதி வோகல் கேட்டாள்.

அப்படியாக, மண்நிறப் பிக்கப் எந்தச் சோதனையிலும் தேறாமலே பள்ளிக்குள் நுழைந்தது.

முதல் நாள் ஷெல்பி தனியாக ஓட்டிப் போனபோது, கார்வின் வேலிக் கதவைப் பிடித்தபடி சத்தம் தேயும்வரை நின்றார். டோரியைச் சாலை முனையில் ஏற்றிக்கொள்ள வண்டி நின்றது காதில் விழுந்தது. மறுபடி கிளம்பியதும் விழுந்தது. அப்புறம் போய் மிச்சச் சோளத்தை அறுத்தார். சில வாரங்கள் நன்றாகவே போயின. முழங்கால்கூட அடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் ஷெல்பி குழுவைப் பற்றிப் பேசுவாள். முதலில் கேலியாகத்தான் பேசினாள். "இன்னிக்கு கோச் ஒரு வண்டியோட ஹாரனை மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டுத் தேறிடுச்சுன்னுட்டாரு" என்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். பிறகு கேலி குறைந்தது. ஜன்னல் வழியாகப் பார்ப்பதை நிறுத்த வைத்தாள். அடியில் படுத்துப் பார்க்கும் விதியைக் கொண்டுவந்தாள். நல்ல விதிதான். படுத்துப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். டிசம்பரில் கெட்லர் அவளைத் துணைத்தலைவர் ஆக்கினார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் டோரியின் அப்பாவும் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். டோரி விண்ணப்பித்தாள். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் ஷெல்பியிடம் கார்வின் ஆவலோடு கேட்டார்.

"ஹெர்மன் வண்டி வந்துச்சா? எப்படி?"

"வந்துச்சு. அடுத்த மாசம் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கோம்."

"ஏன்?"

"இடது கதவுக்கு அடியில துரு."

கார்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நம்ம வண்டியிலயும் அதே இடத்துலதானே இருக்கு."

"நம்மளது வேற அப்பா. நமக்கு அது என்ன துருன்னு தெரியும். டோரியோடதை இன்னும் யாரும் சரியாப் பாக்கல. முறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல."

"பாத்தது நீதானே."

"நான் பாத்தேன். குழு பாக்கல."

ட்வைலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, அதுவரைக்கும் வழக்கம்போல நீ டோரியை ஏத்திக்கிட்டுப் போ" என்றார் கார்வின்.

ஷெல்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுதான் முடியாது. விண்ணப்பம் போட்டவளை உறுப்பினர் தன் வண்டியில கூட்டிட்டுப் போனா நடுநிலைமை கெட்டுடும். அந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன். கோச் தன் டீம் பசங்களுக்கெல்லாம் சலுகை காட்டறார்னுதான்." பிறகு சற்று நேரம் கழித்து, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். அவள் அதை உண்மையாகவே சொன்னாள் என்று கார்வின் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் கார்வின் தீவன லாரியைக் கிளப்பிக்கொண்டு போய் ஹெர்மன் வீட்டுச் சாலை முனையில் நிறுத்தினார். டோரி தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலிருந்த வைக்கோல் துகள் காற்றில் பறந்து கண்ணாடியில் ஒட்டியது. பாதி வழியில் மண்நிறப் பிக்கப் சீராக அவர்களைத் தாண்டிப் போனது. ஷெல்பி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். எங்கள் சாலையில் முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டும் மரியாதை அது.

டோரி அந்த வண்டி சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல்பிக்கு என் மேல ஏதாவது கோவமா, மிஸ்டர் லைக்கர்?"

கார்வினின் வலது முழங்கால் ஆக்சிலேட்டரின் மேல் துள்ள, லாரி சற்றே உதறியது.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அவளுக்கு இன்னிக்குக் காலைலயே கூட்டம்."